ஆயத்தம் அவிசுவாசமா?



சமீபத்தில் சிதம்பரத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஒரு சகோதரி கேட்டார்கள்: "ஐயா, மழைக்காலம் வருதேன்னு அரிசி, மருந்தெல்லாம் எடுத்து வைக்கிறேன். 'கர்த்தர் மேல நம்பிக்கை இல்லையா'ன்னு வீட்டுல கேக்குறாங்க. நான் செய்யறது தப்பா?"

பதில் சொல்லுமுன் என் மனசாட்சி என்னைக் குத்தியது. அதே கேள்வியை நானும் ஒருமுறை கேட்டவன்தான்.

2011 டிசம்பர் 29 இரவு. கடலூர் முதுநகரில் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். தானே புயல் நெருங்குகிறது என்று ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். "ஏங்க, அம்மாவையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாம்" என்றாள் என் மனைவி. நானோ, "இது ஜெபிக்கிற வீடு. உனக்கு விசுவாசம் இல்லையா?" என்று அதட்டி உட்கார வைத்தேன். விடியற்காலையில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வேகத்தில் காற்று அடித்தது. ஓடுகள் பறந்தன. ரேஷன் கார்டு, சர்ட்டிபிகேட், அம்மாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் ஊறிப்போயின. இரண்டு நாள் அம்மா மருந்தில்லாமல் கிடந்தார்கள். நாங்கள் உயிர் பிழைத்தது தேவ கிருபை. அம்மா நனைந்து நடுங்கியதோ என் பெருமையினால். அதற்கு நான் விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன்.

பிரியமானவர்களே, வேதம் என்ன சொல்லுகிறது? நோவா எச்சரிப்பைக் கேட்டு பேழையைக் கட்டியதை எபிரெயர் 11:7 விசுவாசம் என்றே எண்ணுகிறது. அப்போஸ்தலர் 27-ல், கப்பலில் ஒருவரும் சாகமாட்டார்கள் என்று தூதன் பவுலுக்குச் சொல்லியிருந்தான். ஆனாலும் கப்பலாட்கள் ஓடப் பார்த்தபோது பவுல் தடுத்தார்; அவர்கள் இல்லாமல் மற்றவர்கள் பிழைக்க முடியாது என்றார். வாக்குத்தத்தமும் இருந்தது, ஆட்களும் தேவைப்பட்டார்கள். உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொல்லி வசனம் காட்டினவன் யார்? பிசாசு!

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. எச்சரிப்பே இல்லாமல் வந்த சுனாமியில் நம் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் மரித்தார்கள். அவர்களைக் குறைசொல்ல ஒருவருக்கும் அதிகாரமில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்ததைப் பற்றி இயேசு பேசினதை (லூக்கா 13:4) வாசியுங்கள். இன்றோ எச்சரிப்பு கிடைக்கிறது. 2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிப்பு மையமே இருக்கிறது. கிடைத்த எச்சரிப்பைத் தள்ளிவிட்டு, "கர்த்தர் கைவிட்டார்" என்று சொல்லலாமா?

ஒரு எச்சரிக்கை. லூக்கா 12-ன் ஐசுவரியவானும் சேர்த்து வைத்தான், தனக்காகவே சேர்த்தான். யோசேப்பு சேர்த்த தானியமோ ஊரையே போஷித்தது. உங்கள் அரிசியில் அடுத்த வீட்டு விதவைக்கும் ஒரு படி இருக்கட்டும்.

ஆகவே முழங்காலில் நில்லுங்கள். ஜெபித்து முடித்து எழுந்து வேலையும் செய்யுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பட்டா எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். ஒரு வாரத்து மாத்திரை, குடிதண்ணீர், டார்ச் லைட், தீப்பெட்டி எடுத்து வையுங்கள். பிரிந்துபோனால் எங்கே வந்து சேர வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணைச் சுவரிலே எழுதி வையுங்கள்.

அந்தச் சகோதரியிடம், "தப்பில்லை அம்மா, செய்யுங்க" என்றேன். அன்றிரவு வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருஷம் தாமதித்துவிட்டேன்.

கர்த்தர் தாமே உங்கள் குடும்பங்களைக் காப்பாராக. ஆமென்.