உடற்குறையைச் சொல்லும் செய்திகள்

ஹதீஸ் கிரந்தங்களில் அறிவிப்பாளர் தொடரைக் கவனித்துப் படிப்பவர்களுக்கு ஒரு வியப்பு ஏற்படும். அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் பாடம் கேட்ட அப்துர் ரஹ்மான் இப்னு ஹுர்முஸ் அவர்களை உலகம் அறிந்திருப்பது ‘அஃரஜ்’ என்ற பெயரால்தான். கால் ஊனமானவர் என்பது அதன் பொருள். கூஃபா நகரத்துப் பேரறிஞர் சுலைமான் இப்னு மிஹ்ரான் அவர்களுக்கு ‘அஃமஷ்’, அதாவது பார்வை மங்கியவர் என்று பெயர். அனஸ் (ரலி) அவர்களிடம் கேட்டு அறிவித்த ஆஸிம் அவர்கள் ‘அஹ்வல்’, மாறுகண் உடையவர். புறம் பேசுவதை இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிட்ட மார்க்கம் நம்முடையது. அம்மார்க்கத்தில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பேசிய பெருமக்கள், உடற்குறையைச் சொல்லி ஒருவரை அழைத்தது எங்ஙனம்?

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் இதற்கு விடை தருகிறார்கள். ஒருவரைப் பற்றி அவர் இல்லாதபோது பேசுவது ஆகுமான ஆறு இடங்களை எண்ணி வரும்போது, அடையாளம் சொல்வதை அவற்றில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். அப்பெயராலேயே ஒருவர் அறியப்பட்டிருந்தால் சொல்லலாம். மட்டப்படுத்தும் எண்ணத்தோடு சொன்னால் அதே சொல் ஹராமாகிவிடுகிறது. வேறு விதமாக அடையாளம் காட்ட முடியுமென்றால் அதுவே மேல்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று நம் வீடுகளில் பஜ்ரு தொழுத கையோடு திறக்கப்படும் செல்போன் செய்திகளைப் பார்ப்போம். ‘மாற்றுத்திறனாளி வாலிபர் திருட்டு வழக்கில் கைது’ என்கிற வகைத் தலைப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. திருட்டுக்கும் அவர் காலுக்கும் என்ன சம்பந்தம்? தமிழ்நாட்டில் ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விலக்கி ‘மாற்றுத்திறனாளிகள்’ என்ற சொல் 2010-ஐ ஒட்டி அரசு வழக்கில் வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் சொல் மாறியதே தவிர, தேவையில்லாத இடத்தில் அதைத் தூக்கி முன்னால் நிறுத்தும் பழக்கம் மாறவில்லை. 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி நம் மாநிலத்தில் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர் ஏதோ ஓர் உடற்குறை உடையவர்கள். அவர்களில் எத்தனையோ விதமான மனிதர்கள் உண்டு. செய்தியில் மட்டும் இரண்டே விதம்தான்: பரிதாபத்துக்குரியவர், அல்லது விதியை வென்ற வீரர்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016-ல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். ஆறடி இரண்டு அங்குலத்துக்கும் மேல்! 2021-ல் டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். டி-42 பிரிவு என்று போட்டியைச் சொல்லும்போது அவருடைய காலைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், அது அடையாளம். ஆனால் பல செய்திகள் ஐந்து வயதில் காலை நசுக்கிய பேருந்திலும், காய்கறி விற்ற தாயின் கண்ணீரிலும் தொடங்கி அங்கேயே நெடுநேரம் நின்றுவிடுகின்றன. பெங்களூரில் பயிற்சியாளர் சத்யநாராயணாவிடம் அவர் பெற்ற பயிற்சிக்கு ஒரு வரிதான் மிஞ்சுகிறது.

“அதைப் படிக்கும் ஏழைத்தாய் ஒருத்திக்குத் தெம்பு வருமே” என்று கேட்கலாம். வரும், மறுக்கவில்லை. ஆனால் ‘மன உறுதி இருந்தால் போதும்’ என்று முடியும் செய்தியைப் படித்தவர், பேருந்தின் படிக்கட்டு ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்பதில்லை. பொது இடங்களில் இவர்கள் தடையின்றிச் சென்று வர வழி செய்ய வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நம் பள்ளிவாசலையே எடுத்துக்கொள்ளுங்கள்: சக்கர நாற்காலியில் வருபவர் ஹவ்ளு வரை போய் ஒளூ செய்ய முடிகிறதா?

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வரலாறு நமக்குப் புதிதன்று. அவர்கள் பொருட்டு ‘அபஸ’ அத்தியாயம் இறங்கியதை மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். அதைவிட நான் அதிகம் எண்ணிப் பார்ப்பது ஸஹர் நேரத்துச் செய்தியைத்தான். பிலால் (ரலி) அவர்கள் இரவிலேயே பாங்கு சொல்வார்கள். இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்லும் வரை உண்ணலாம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. அவர்கள் பார்வையற்றவர்கள் என்பதை அந்த ஹதீஸிலேயே சொல்லியிருக்கிறது. எதற்காக? விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்ன பிறகே அவர்கள் பாங்கு சொல்வார்கள் என்பதை விளக்க! பார்க்க முடிந்தவர்கள் விடியலைச் சொன்னார்கள். அவர்கள் தம் வேலையைச் செய்தார்கள். மதீனா முழுவதும் அந்தக் குரலுக்கு உணவை நிறுத்தியது. நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது பல முறை மதீனாவின் பொறுப்பையே அவர்களிடம் விட்டுச் சென்றார்கள். அந்த அறிவிப்பில் கண்ணீரும் இல்லை, கைதட்டலும் இல்லை.

தேவையான இடத்தில் உடற்குறையைச் சொல்வது இப்படித்தான். நம் பக்கத்துச் செய்திகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. சோழவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை நெடுஞ்சாலை ஓரமெல்லாம் ஆலைகள். பிரஸ் மெஷினில் ஒரு தொழிலாளியின் விரல்கள் போனால், ‘கை துண்டானது’ என்ற தலைப்பும் இரத்தப் படமும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அபாயகரமான பாகங்களுக்குத் தடுப்பு வைக்க வேண்டும் என்கிறது சட்டம்; அந்த மெஷினுக்குத் தடுப்பு இருந்ததா? கட்டைவிரல் போனால் 30 சதவீத உழைப்புத் திறன் இழப்பு என்று சட்டத்தின் இழப்பீட்டு அட்டவணை கணக்கிடுகிறது. அந்தத் தொகை வந்து சேர்ந்ததா? துண்டான கைக்கு இருந்த இடம் இக்கேள்விகளுக்குக் கிடைப்பதில்லை.

2024 ஜூலை 8 அன்று, ‘ஆங்க் மிச்சோலி’ என்ற இந்திப் படத்தை எதிர்த்து நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு சில நெறிகளை வகுத்தது. இழிவான சொற்களை விடுங்கள், ஏளனப் பொருளாகவும் காட்டாதீர்கள், அமானுஷ்ய வீரராகவும் காட்டாதீர்கள், அவர்களைக் கலந்து செய்யுங்கள் என்பது அதன் சாரம். திரைப்படங்களுக்குச் சொன்னது செய்திக்கும் பொருந்தும் அல்லவா?

அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு காணொளி பரவியது. சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் பேச வந்த ஒருவர், உடற்குறையோடு பிறப்பதற்கு முற்பிறவி வினையே காரணம் என்றார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து ஆட்சேபித்தார். பேச்சாளர் பின்னர் கைது செய்யப்பட்டார். பிறர் கொள்கையை ஆராய்வது இங்கே நம் வேலையன்று. ‘பெற்றவர்கள் செய்த பாவம்’ என்று நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும் சொல்வதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். அந்தக் காணொளியில் எனக்குப் பிடித்தது, பார்வையற்றவர் அதில் பேசப்படும் பொருளாக இல்லாமல் பேசுபவராக இருந்ததுதான்.

இனி நம் பங்குக்கு வருவோம். சோழவரம் கடைவீதியில் போலியோவால் கால் சூம்பிய ஒரு தையற்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுத் தொழில். ரமலானில் கணக்குப் பார்த்து ஸகாத் கொடுப்பவர். ஓர் இளைஞர், நல்ல எண்ணத்தோடுதான், அவரைப் படம் பிடிக்கிறார். காமிரா முகத்தில் சற்று நின்று காலுக்கு இறங்குகிறது. பின்னால் சோக இசை. ஒரு செய்திச் சேனல் அதை எடுத்துப் போடுகிறது. ‘மாஷா அல்லாஹ்’ என்று எழுதி நாமும் நாற்பது பேருக்கு அனுப்புகிறோம். அடுத்த ஜும்ஆவில் யாரோ அவர் சட்டைப் பையில் நூறு ரூபாயைத் திணிக்கிறார். நிஸாபு உடையவர் ஸகாத் வாங்கக் கூடாது என்பது சட்டம். வறுமை தள்ளாத இடத்துக்கு ஒரு படம் அவரைத் தள்ளிவிட்டது! தர்மம் செய்துவிட்டு நோவினை தந்தால் அந்தத் தர்மம் பாழாகும் என்று ‘பகரா’ அத்தியாயம் எச்சரிக்கிறது. இங்கே நோவினை முந்திக்கொண்டது. அவர் மகளைப் பெண் கேட்டு வருபவர்கள் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன பேசிக்கொள்வார்கள்?

ஒருவரைக் குட்டை என்று குறித்த ஒரு சொல், கடல் நீரில் கலந்தால் அதையே கெடுத்துவிடும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக ‘அபூதாவூத்’ நூலில் வருகிறது. காமிரா காலுக்கு இறங்கியதும் அத்தகைய ஒரு சொல்தானே! அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. படம் எடுத்த இளைஞர் தையலைப் பற்றிக் கேட்டிருந்தால், ஜிப்பாவுக்குக் கழுத்து வெட்டும் முறையையும், இந்தக் காலத்துத் துணி ஒரே சலவையில் சுருங்குவதையும் அவர் அரை மணி நேரம் சொல்லியிருப்பார்.