நம் பெண்மக்கள் நர்ஸிங் படிக்கலாமா?

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பெண், நான்காண்டு பி.எஸ்ஸி. நர்ஸிங் பட்டப் படிப்பில் சேர விரும்புகிறாள். தகப்பனாருக்கு அரை மனது, தாயாருக்கு அழுகை, தாய்மாமன் ஒரே பேச்சாகக் கூடாது என்று சொல்லி விட்டார். மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்டு நம்மிடம் வருகிறார்கள். பரீட்சை முடிவு வெளியாகும் ஒவ்வோராண்டும் இக்கேள்வி வந்தே தீரும். ஆனால் இதே வீட்டார், மூத்த மகளைப் பிரசவத்திற்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கும் போது கேட்கும் முதற் கேள்வி வேறு. "உள்ளே பெண் டாக்டர் இருக்கிறாரா? பிரசவ வார்டில் நர்ஸம்மாக்கள் மட்டும்தானே?" என்பதே அது. இவ்விரு கேள்விகளையும் அருகருகே வைத்துப் பார்க்க நாம் ஏனோ விரும்புவதில்லை.

நோயுற்ற பெண்ணைப் பார்வையிடுவது, தொடுவது பற்றி நமது பிக்ஹுக் கிதாபுகள் தெளிவாகவே பேசுகின்றன. மருத்துவத்திற்குத் தேவையான அளவு பார்ப்பதும் தொடுவதும் ஆகும் என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில் எழுதியுள்ளார்கள். அதற்கு ஓர் ஒழுங்கும் உண்டு. சட்ட அறிஞர்களுக்கிடையே உள்ள சில்லறை வித்தியாசங்களை விட்டுவிட்டால், அதன் சாரம் இதுதான்: முதலில் முஸ்லிமான பெண், அவள் கிடைக்காவிடில் பிற பெண், தகுதியான பெண்ணே இல்லாத போதுதான் அந்நிய ஆண், அதுவும் கணவரோ மஹ்ரமோ உடனிருக்க வேண்டும்.

இந்த ஒழுங்கின் முதல் வரியைச் சற்று நிதானித்துப் பாருங்கள். முஸ்லிமான பெண், அதுவும் தொழில் அறிந்த பெண் என்றால் அவள் எங்கிருந்து வருவாள்? வானத்திலிருந்து இறங்குவாளா? எவரோ ஒரு முஸ்லிம் தகப்பனார் தம் மகளை அனுப்பிப் படிக்க வைத்தாலன்றி அந்த முதல் வரி கிதாபில்தான் இருக்கும்; வார்டில் இராது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பே இந்த விஷயத்தில் நம் போன்ற ஆலிம்களைக் கண்டித்திருக்கிறார்கள். மருத்துவம் பர்ளு கிபாயா. ஊரில் எவருமே அதைக் கற்காவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள் என்று இஹ்யாவில் கூறிவிட்டு, பல ஊர்களில் பிற சமயத்து மருத்துவரைத் தவிர வேறு மருத்துவரே இல்லை. அப்படியிருந்தும் எல்லோரும் பிக்ஹுக் கல்விக்கே முண்டியடிக்கிறார்கள், மருத்துவம் கற்பாரைக் காணோம் என்று வருந்துகிறார்கள். மதரஸாவில் அந்தப் பக்கத்தை நாமும் ஓதினோம். அது யாரோ பழங்காலத்தாரைப் பற்றியது போல் ஓதி முடித்துவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது.

திண்டிவனத்தில் 1890களில் நடந்த ஒரு சம்பவத்தை நம் சமூகம் நன்றாக அறிந்திருக்க வேண்டும். ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண், மிஷனரி டாக்டரான தம் தந்தையின் வீட்டில் தங்கியிருந்தார். ஒரே இரவில் மூன்று கணவன்மார் அடுத்தடுத்து வந்து, தம் மனைவி பிரசவ வேதனையில் துடிப்பதாகக் கூறி, அந்தப் பெண்ணை உதவிக்கு அழைத்தனர். தமக்கு மருத்துவம் தெரியாது, தம் தந்தையே டாக்டர் என்று அவர் சொன்னார். ஆண் டாக்டர் வேண்டாமென மூவருமே திரும்பிச் சென்றனர். விடிவதற்குள் மூன்று தாய்மாரும் மாண்டனர். மூவரில் ஒருவர் முஸ்லிம் வீட்டுப் பெண்மணி. ஐடா ஸ்கடர் அமெரிக்கா சென்று டாக்டராகித் திரும்பினார். 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. 1909இல் அங்கு நர்ஸிங் பள்ளி வந்தது. 1946இல் நர்ஸிங் பட்டப் படிப்பும் அங்கு தொடங்கிற்று. நம் நாட்டில் அப்படிப்பு முதன் முதலாக வந்த இடங்களில் வேலூரும் ஒன்று. அதே வேலூரில்தான் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் இருக்கிறது என்பதை வாசகர்களுக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை.

திண்டிவனத்து அந்த முஸ்லிம் கணவரை நாம் இழித்துப் பேச வரவில்லை. அவருடைய ரோஷம் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் உயிருக்கு ஆபத்தான நேரத்தில் ஆண் டாக்டரை மார்க்கம் அனுமதித்தே இருந்தது. அதை அவருக்குச் சொல்ல ஆளில்லை. அவர் வேண்டியது போன்ற பெண் மருத்துவரையோ தாதியையோ உருவாக்கவும் நம்மில் யாரும் இல்லை. பழி ஒரு மனிதர் மீது மட்டுமா நிற்கும்?

நர்ஸ் வேலை கேவலமானது என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்ததோ, ஸஹாபிப் பெண்மணிகளிடமிருந்து வரவில்லை என்பது நிச்சயம். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை மதீனாப் பள்ளிவாசலில் ருபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில்தான் பெருமானார் (ஸல்) அவர்கள் தங்கவைத்தார்கள். ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் போர்க்களத்தில் தண்ணீர் புகட்டி, காயத்துக்கு மருந்திட்டதைத் தாமே அறிவித்துள்ளார்கள். உம்மு அத்திய்யா (ரலி) அவர்களோ நாயகத்தோடு ஏழு போர்களுக்குச் சென்று, கூடாரங்களில் தங்கிச் சமைத்து, காயமுற்றோரையும் நோயாளிகளையும் கவனித்தவர்கள்.

இதே உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள்தாம் நாயகத் திருமகளாரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்கள். வலப்புறத்திலிருந்தும் ஒளுவின் உறுப்புகளிலிருந்தும் தொடங்குங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களுக்கே கற்றுத் தந்தார்கள். மய்யித்தைக் குளிப்பாட்டும் நம் மஹல்லாப் பெண்மணிகள் இன்றளவும் இதையே பின்பற்றுகின்றனர். மறைப்புக் கட்டி, உடலை மூடி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, தேவைக்கு மேல் பாராமல் அவர்கள் செய்யும் பணியை பர்ளு கிபாயா என்று மதிக்கிறோம். நர்ஸிங் மாணவி முதலாண்டில் கற்பது என்ன தெரியுமா? எழ முடியாத நோயாளியைப் படுக்கையிலேயே குளிப்பாட்டுவது. கட்டிலைச் சுற்றித் திரையிட வேண்டும், ஓர் உறுப்பைத் துடைக்கும் போது மற்றவை மூடியிருக்க வேண்டும், கையுறை வேண்டும், நோயாளி கூசாதபடி பேச வேண்டும். ஏறத்தாழ அதே ஒழுங்குதான். இறந்த உடலுக்குச் செய்தால் நன்மை, உயிருள்ள உடலுக்குச் செய்தால் இழிவு என்று எந்த இமாம் சொன்னார்?

2020, 2021 ஆண்டுகளில் கொரோனா வார்டுகளுக்குள் பெற்ற பிள்ளையும் நுழைய முடியாமல் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஸகராத்தில் இருப்பவருக்குக் கலிமாவைச் சொல்லிக்கொடுப்பது ஸுன்னத். கட்டிலருகே நின்றவர்கள் நர்ஸுகள் மட்டுமே. அவர்களில் நம் பெண் ஒருத்தி இருந்திருந்தால் அந்தக் காதில் கலிமா விழுந்திருக்கும். அங்கு நின்ற பிற சமயத்துப் பெண்மக்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வளைகுடா ஆஸ்பத்திரிகளில் நம் இளைஞர்களைக் கவனிப்போரில் எத்தனை பேர் மலையாளக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள்! அவர்களுக்கும் தகப்பன்மார் உண்டு. அந்தத் தகப்பன்மாருக்கும் மானம் உண்டு. நம் வீட்டுப் பெண்ணின் மறைவைக் காக்க அடுத்த வீட்டுப் பெண் இராக் கண் விழிக்க வேண்டும், நம் பெண் மட்டும் விழிக்கக்கூடாது என்பது நியாயமாகுமா?

சிரமங்களே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆண்கள் வார்டிலும் பயிற்சி உண்டு. பெண் நோயாளிகளை மட்டும் பார்ப்பேன் என்று கூறிப் பட்டம் பெற முடியாது. இதைக் காட்டியே கூடாதென்று சொல்லும் ஆலிம்களும் உளர். அவர்களை நாம் மதிக்கிறோம். எனினும் மருத்துவத்திற்கு ஆகுமான அளவு, அதைக் கற்பதற்கும் ஆகும் என்பதே நமக்குச் சரியாகப் படுகிறது. நிர்ப்பந்தத்தின் சலுகை அதன் அளவோடு நிற்கும். ஆகவே ஆண் நோயாளியின் மறைவான உறுப்பு சம்பந்தப்பட்ட வேலைக்கு, ஆண் நர்ஸ் இருக்கும் இடத்தில் அவரிடம் விட்டுவிடுவதே முறை. இப்போது ஆண்களும் இப்படிப்பைப் படிக்கிறார்கள். பலர் நடமாடும் வார்டு, தனித்திருத்தல் என்ற சட்டத்திற்குள் வராது. பூட்டிய அறையில் ஓர் அந்நிய ஆணுடன் தனியே இரவு டியூட்டி என்றால் அது வரும். அதை மறுக்கப் பெண் தயங்கக் கூடாது.

முழங்கைக்குக் கீழ் கையைத் திறந்து வைக்கச் சொல்வதைச் சிலர் மார்க்க விரோதம் என்று கோபிக்கின்றனர். கிருமி சட்டைக் கையில் ஒட்டி அடுத்த நோயாளிக்குப் போகும் என்பதே அதன் காரணம். ஆபரேஷன் தியேட்டரில் கை கழுவிய பின் அணியும் மேலங்கியோ மணிக்கட்டு வரை மூடியதே. தலைக்கும் தொப்பி உண்டு. கல்லூரியில் சேருமுன் இவற்றையும், ஹாஸ்டல், தொழ இடம் ஆகியவற்றையும் நேரில் விசாரித்துக்கொள்வது நல்லது. கல்லூரிக்கு இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அங்கீகாரமும், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக் கழகத்தின் இணைப்பும் உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். பணம் கட்டிய பின் விசாரிப்பது நம்மவரிடம் உள்ள கெட்ட பழக்கம்.

இனி, "நர்ஸுக்கு மாப்பிள்ளை கிடைக்காது" என்ற பேச்சு. தாய்மாமனின் உண்மையான கவலை இதுதான். பத்வாவை அதற்கு மேலே போர்த்திக்கொண்டு வருகிறார். இதற்குக் கிதாபில் பதில் தேட வேண்டியதில்லை. பெண் கேட்டு வந்த இடத்தில், நர்ஸ் என்றதும் எழுந்து போன மாப்பிள்ளையின் தாயாருக்குத் தினமும் இன்ஸுலின் ஊசி போட யார் வருகிறார்கள் என்று விசாரித்தால் போதும்.

தொழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. டியூட்டி என்பதற்காக நேரம் தவறவிட அனுமதி இல்லை; பர்ளு தொழச் சில நிமிடமே ஆகும், உடனிருப்பவரிடம் சொல்லிவிட்டுத் தொழலாம். ஆனால் உயிர் ஊசலாடும் நோயாளியின் அருகில் இருக்கும் போது நேரம் கடந்துவிட்டால் குற்றமில்லை. நீரில் மூழ்குபவனைக் காப்பாற்றுவது தொழுகைக்கு முந்தியது என்பதே சட்டம். பிறகு களாச் செய்துகொள்ள வேண்டும். இரத்தம் பட்ட யூனிபாரத்தோடு தொழ முடியாதாகையால், சுத்தமான ஓர் உடையையும் மக்கனாவையும் தாயார் மடித்துப் பையில் வைத்தனுப்பட்டும்.