வருபுயலுக்குக் காப்புத் தேடுதல் வினைக்கு மாறாமோ?

2020-ஆம் ஆண்டு திசம்பர் 2-ஆம் நாள் இரவு ‘புரெவி’ என்னும் புயல் திருக்கோணமலையை அடுத்த கரையைக் கடந்து மன்னார் வளைகுடாவை நோக்கிப் போந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே அது கரையேறுமென வானிலை அறிஞர் முன்னரே உரைத்தமையின், தென்கரையினர் கடலுக்குச் செல்லாது படகுகளைப் பிணித்து நிறுத்தினர்; தாழ்ந்த இடத்தார் புகலிடம் சேர்ந்தனர். தூத்துக்குடிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் உள்ளேயிருக்கும் கோவிற்பட்டிக் கரிசற்காட்டின் நிலை வேறு. உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் வானம் பார்த்து நிற்கும் அம்மானாவாரி நிலத்துக்குக் கார்த்திகைப் புயல் பெரும்பாலும் மழையின் மறுபெயரே. ஆகவே கரையார் ‘விலகுக’ என்று வேண்டும் ஒன்றைக் கரிசலார் ‘வருக’ என்று வேண்டும் நிலை ஆண்டுதோறும் நேர்கின்றது.

ஈண்டு ஐயம் இரண்டு எழும். காற்றாலும் மழையாலும் வருந் துன்பம் ஆதிபௌதிகமெனப்படும் பிராரத்தமாயின், அதற்குக் காப்புத் தேடுதல் வினைப்பயனை மறுத்தலாகாதோ என்பது ஒன்று. முரணிய இருவேண்டுதலுள் இறைவன் எதற்குச் செவிசாய்ப்பன் என்பது மற்றொன்று.

முன்னையதற்கு விடை கொங்குநாட்டிலேயே கிடைத்திருக்கின்றது. திருஞானசம்பந்தப் பிள்ளையார் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. பருவத்தில் அந்நோய் வருதல் அந்நாட்டின் இயல்பென்றனர். பிள்ளையார் ‘இயல்பு’ என்று வாளாவிருந்தாரல்லர். ‘வினை’ என்று அமைதி கூறினாருமல்லர். திருநீலகண்டப் பதிகத்தை அருளினார், சுரம் நீங்கியது. இன்னவினைக்கு இன்னதுன்பம் என்று சொல்லிக்கொண்டே உய்யும் வழியை நாடாதிருத்தல் குறையேயாம் என்பதன்றோ அப்பதிகத் தொடக்கத்தின் கருத்து! வினையை அறிந்தார்க்கே அம்மொழி கூறப்பட்டது என்பது நோக்கத்தக்கது. இன்னும், தன் பிராரத்தம் இன்னதென அறிந்தவன் எவன்? கூரை வீழ்தல் வினையாயின், வீழுமுன் எச்சரிக்கை செவிப்பட்டதும், எழுந்து நடக்கக் கால் வலியுற்றிருந்ததும் வினையின் வகையே. தூறலுக்குக் குடை விரிப்பவர் புயலுக்கு மட்டும் ஊழை நினைத்தல் தத்துவமன்று, சோம்பல். அதனினும் இழிந்தது, அயலான் துன்புறுங்கால் ‘அவன் வினை’ என்று கடந்துபோதல். அவன் துன்பம் அவன் பிராரத்தமாகலாம். கண்டும் கை கொடாமை கண்டவனுக்கு ஆகாமியமாய் ஏறும். உயிர்க்கு இதம் செய்தலும் அகிதம் செய்தலுமே புதுவினைக்கு வித்தென்னும் சித்தாந்த நூல், அவ்வுயிரின் ஊரையும் சமயத்தையும் வினவச் சொல்லவில்லை.

பின்னையது அரிது. ஒரு மழையிற் கடனும் விதையும் தொங்க, அதனை வேண்டும் உழவனைக் குறைகூற எவர்க்கும் நா எழாது. ஆயினும் மழையை வேண்டுதல் வேறு, புயலை வேண்டுதல் வேறு. கரையிற் கூரைகள் உளவென அறிந்தும் ‘புயல் வரினும் வருக’ என நெஞ்சு இசையின், அது மனத்தாற் செய்த அகிதமே. பூவனநாதர் திருமுன் நிற்பவன் நீரைக் கேட்கலாம். நீர் வரும் நெறியை அவனருளுக்கே விடுதல் வேண்டும். புரெவி கரையேறாமலே வளைகுடாவிற் தேய்ந்தது. அதன் பெருமழையோ எதிர்பாராத தில்லையிற் பெய்து, கூத்தப்பிரான் கோயிலினுள்ளும் நீர் நின்றது. கட்டிய படகுகளை அவிழ்த்தவர் ‘வீணுழைப்பு’ என்றிருப்பின், வாராத கள்வனுக்காகக் கதவைத் தாழிட்டதும் வீணென்றல் வேண்டும்.

வேண்டியதன் அளவையும் உயிர் அறியாது. 2023 திசம்பர் 17, 18 நாட்களில் புயலென்று பெயர்பெறாத ஒரு வளிச்சுழற்சியால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. கோவிற்பட்டியிலும் ஏறக்குறைய 50. மழைக்கு ஏங்கும் கரிசல் மழையாலேயே மூழ்கியது. அவ்விரவு திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட புகைவண்டி, பாதை அரிக்கப்பட்டமையின் திருவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அண்மையிலுள்ள புதுக்குடி மக்கள், தம்மூரும் வெள்ளத்திற் சூழப்பட்டிருக்கவே, கோயிலில் உலையேற்றி அப்பயணிகளுக்குச் சோறிட்டனர்.