நட்டு வளர்த்த ஹிக்குரி

மெக்சிகோவின் வடபகுதி முதல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தென்கோடி வரை பரந்துள்ள சுண்ணாம்புக்கல் நிலங்களில், முட்புதர்களின் நிழலில், தரையோடு தரையாக அமிழ்ந்து வளரும் பெயோட்டி என்னும் கள்ளியை அந்நிலத்தின் தொல்குடிகள் 5,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வந்துள்ளனர் என்பதற்குக் குகைகளில் கிடைத்த எச்சங்கள் சான்றாகின்றன. லோஃபோஃபோரா வில்லியம்சி என்பது இதன் தாவரவியல் பெயர். மெக்சிகோவின் மேற்கு மலைத்தொடரில் வாழும் விராரிகா மக்கள் இதனை ஹிக்குரி என்பர். விதையிலிருந்து முதிர்ச்சி பெற இயற்கையில் பத்தாண்டுகளும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும் இச்செடி இன்று அருகி வருகிறது; ஆகவே, பாலை தானாகத் தந்த செடிக்குரிய புனிதம் மனிதர் விதைத்து வளர்த்த செடிக்கும் உண்டா என்பது வழிபடுவோர் விடை கண்டே ஆகவேண்டிய கேள்வியாகிவிட்டது.

புனிதத்தைப் பேசுமுன் செடியை அறிந்தாக வேண்டும். வளர்ந்த பெயோட்டிக்கு முள் இல்லை. நீலம் கலந்த பச்சை நிறமுடைய அதன் தட்டையான தலையில், முள் முளைக்க வேண்டிய புள்ளிகளில் எல்லாம் பஞ்சு போன்ற மயிர்க்கற்றைகளே தோன்றுகின்றன. தலையைவிடப் பெரிய ஆணிவேர், முள்ளங்கியைப் போல மண்ணுள் இறங்கியிருக்கிறது. டெக்சஸின் ஸ்டார் வட்டாரத்தில் இதனோடு மயங்கத்தக்க நட்சத்திரக் கள்ளி ஒன்றும் வளர்கிறது. அதற்கும் முள் இல்லை, அதுவும் தரையோடு ஒட்டியதே. தோலில் தூவியது போன்ற வெண்புள்ளிகளும், இளஞ்சிவப்புக்கு மாறாக மஞ்சளாக மலரும் பூவுமே வேறுபாடு. 1993 முதல் அமெரிக்கச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் அச்செடி, பெயோட்டி என்று தவறாகக் கருதப்பட்டு வெட்டப்பட்டிருக்கிறது. அடையாளம் காண்பதில் நேரும் பிழை, வழிபாட்டின் பெயரால் வேறோர் அரிய உயிரை அழிப்பதாக முடிகிறது.

வேதியியலாரைக் கேட்டால், 1897இல் ஆர்தர் ஹெஃப்டர் பிரித்தெடுத்த மெஸ்கலின், அதாவது புலனுணர்வை மாற்றும் காரப்போலி, இச்செடியில் இருப்பதையே முதன்மையாகச் சொல்வர். விராரிகாவின் அடையாளம் வேறு. சான் லூயிஸ் பொத்தோசி மாநிலத்துப் பாலையிலுள்ள விரிகுத்தா என்னும் புனித நிலத்துக்கு அவர்கள் நெடும்பயணம் செல்கின்றனர். மான் நடந்த தடத்தில் ஹிக்குரி முளைத்தது என்று நம்புவதால், முதலில் கண்ட செடியை அம்பெய்து வேட்டையாடுகின்றனர். பின்னர் தலையை மட்டும் வெட்டி எடுத்து, மான் தன் எலும்புகளிலிருந்து மீண்டும் வளரட்டும் என்று வேரை மண்ணிலேயே விடுகின்றனர். தாவரவியலும் இதனையே வேறு சொற்களில் சொல்கிறது: மேலாக வெட்டப்பட்ட வேர் புதிய தலைகளைத் தரும், ஆழமாக வெட்டினாலோ பிடுங்கினாலோ செடி மடியும். இந்நம்பிக்கையில் இடம், தேடல், செடி மூன்றும் பிரிக்க இயலாதவை. எனவே தொட்டியில் வளர்ந்த ஹிக்குரி விராரிகாவுக்குப் போதாது என்று தோன்றினால், அதை வெறும் பழமைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

1918இல் ஒக்லஹோமாவில் பதிவுபெற்ற அமெரிக்கத் தொல்குடித் திருச்சபையின் நிலை வேறானது. பெயோட்டியை அருமருந்தாகவும் திருவிருந்தாகவும் ஏற்கும் அதன் உறுப்பினர் பலர், செடி விளையும் நிலத்திலிருந்து வெகுதொலைவில் வாழ்கின்றனர். 1990இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றால் கேள்விக்குள்ளான அவர்களது உரிமை, 1994இல் தனிச் சட்டத்தால் உறுதிப்பட்டது. ஆயினும் உரிமை செடியை வளர்த்துவிடாது. அண்மைக் காலத்தில் தொல்குடியினர் தலைமையிலான காப்பு முயற்சி ஒன்று தென் டெக்சஸில் 605 ஏக்கர் நிலத்தை வாங்கியிருப்பது, நிலத்தைக் காப்பதையும் வழிபாட்டின் பகுதியாகவே கருதும் போக்கைக் காட்டுகிறது.

வளர்ப்பின் முறையைக் கருதினால் கேள்வி கூர்மை பெறுகிறது. கடுகிலும் சிறிய கரிய விதை சில வாரங்களில் முளைத்தாலும், நாற்று முதலாண்டில் சில மில்லிமீட்டருக்கு மேல் பருப்பதில்லை. நீர் தேங்கினால் அழுகும், நேர்வெயிலில் கருகும். இத்தனை ஆண்டுகள் காத்திருந்து வளர்த்தவரின் கையில் உள்ள செடி, வேரை விட்டு வெட்டும் அதே அடக்கத்தின் இன்னொரு வடிவம் என்றே கொள்ளத்தகும். ஒட்டுக்கட்டுதல் வேறு வகை: விரைந்து வளரும் மற்றொரு கள்ளியின் தண்டில் இளநாற்றைப் பொருத்தினால் பருவம் பல மடங்கு முன்னதாகவே வந்துவிடும், ஆனால் அச்செடிக்குத் தன் வேர் இல்லை, வெட்டியபின் மண்ணில் விட்டுவைக்க எலும்பும் இல்லை. அத்தகைய செடியை விதைக்கான தாய்ச்செடியாக மட்டும் வைத்து, அதன் விதையைப் புதர் நிழலில் இட்டு, தன் வேரில் எழும் நாற்றுக்காகக் காத்திருப்பதில் எந்த மரபுக்கும் குறை நேரக் காரணமில்லை.