தண்டனையும் மனமாற்றமும்

குற்றம் செய்தவனைத் திருத்துவது தண்டனையா? தன்னால் துன்புற்றவரை அவன் நேரிற் காண்பதா?

1974ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள எல்மைரா என்னும் சிற்றூரில் இரு இளைஞர்கள் மதுபோதையில் 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினர். நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்சியின் யோசனையை ஏற்ற நீதிபதி, பாதிக்கப்பட்டோரைச் சந்தித்து நட்டத்தை ஈடுசெய்யுமாறு அவர்களைப் பணித்தார். இருவரும் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினர். இன்று ‘மறுசீரமைப்பு நீதி’ எனப்படும் முறைக்கு இது ஒரு முன்னோடியாயிற்று.

நீதிமன்றில் குற்றவாளி பெரும்பாலும் மௌனமாக நிற்பான், சட்டத்தரணியே பேசுவார். “அவர்களுக்கு இது என்ன பெரிய இழப்பா?” என்று மனம் சாக்குச் சொல்லும். “அன்று தொட்டு எனக்கு நித்திரையில்லை” என ஒரு மூதாட்டி எதிரே இருந்து சொன்னால், அந்தச் சாக்கு நிலைக்குமா?

அங்கே எழுவது நாணம். அவுஸ்திரேலிய அறிஞர் ஜோன் பிரெய்த்வெயிட் 1989இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். ஆளையே இழித்து ஒதுக்கினால் அவன் மீண்டும் குற்றத்தையே நாடுவான். செயலைக் கண்டித்து ஆளை ஏற்றுக்கொண்டால் திருந்துவான் என்பது அவர் கருத்து.

ஆயினும் மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் மன்னிப்பு எவரையும் மாற்றாது. மன்னித்தேயாக வேண்டும் என்று துன்புற்றவரை வற்புறுத்தவும் எவருக்கும் உரிமையில்லை.

தவறியவன் திரும்பிவர வாசலைத் திறந்து வைப்பது ஊரின் கடன். உண்மையைச் சொல்லி, இழப்பை ஈடுசெய்து, அவ்வாசலால் வருவது அவன் கடன்.