கணையாழி காத்திருந்தது



ஸ்ரீராமநவமிப் பெருவிழாவை ஸேவிக்க அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிக்கு வந்திருக்கிறீர்கள். கலியுக வரதராஜப் பெருமாள் இங்கே கல் கம்பமாகவே ஸேவை ஸாதிக்கிறார். அக்கம்பத்தில் சிறிய திருவடியாகிய ஆஞ்சநேயரையும் காண்கிறோம். அவரைக் காணுந்தோறும், கடல் தாண்டிய பின் அசோகவனத்து மரக்கிளையில் அவர் பேசாதிருந்த நேரமே அடியேன் நினைவில் எழுகிறது.

பிராட்டி தன் பின்னலாலேயே உயிரை மாய்க்கத் துணிந்த வேளை அது. தாமதித்தால் காரியம் கெடும். அவஸரப்பட்டாலும் கெடும்; பிராட்டி அஞ்சி அலறினால் அரக்கியர் திரளுவர், போர் மூளும். ஸ்ரீவால்மீகி பகவான் ஸுந்தரகாண்டத்தின் 30-ஆம் ஸர்க்கத்தை இந்த ஆலோசனைக்கே ஒதுக்கியிருக்கிறார்.

எம்மொழியில் பேசுவதென்றும் எண்ணினார். இவர் வேதமும் வ்யாகரணமும் வல்லவர் என்று பெருமாளே முன்பு இளைய பெருமாளிடம் புகழ்ந்திருக்கிறார். அத்தகையவர், அந்தணரைப்போல் ஸம்ஸ்க்ருதம் பேசினால் தம்மை இராவணன் என்றே பிராட்டி அஞ்சுவாள் எனக் கருதி, மானிடர் வழங்கும் எளிய மொழியைத் தேர்ந்தார். பாடசாலையில் பயின்ற அடியேன் போன்றோர் இவ்விடத்தைப் பலமுறை படிக்கவேண்டும்!

கணையாழி கையிலேயே இருந்தது. உடனே நீட்டியிருக்கலாகாதோ? அந்நியன் கையில் அது களவுப்பொருளாகவும் தோன்றுமன்றோ! மறைவிலிருந்தே தசரதர் தொடங்கி ஸ்ரீராம சரிதத்தைக் கூறினார். நெருங்கியதும் பிராட்டி ஐயுற்றாள், வணங்கி நின்றார். பெருமாளின் திருமேனி அடையாளங்களைக் கேட்டாள், விடை சொன்னார். அதன் பின்னரே மோதிரம் வெளிப்பட்டது. கிஷ்கிந்தையிலோ, வாக்கை மறந்திருந்த ஸுக்ரீவனிடம் இத்தனை சுற்றவில்லை. நெடுநாளைய அமைச்சராதலால் நேரே நினைவூட்டினார்.

சிமெண்டு ஆலையில் பலரை வேலை வாங்குவோரும், பெரம்பலூர்ப் பக்கத்தில் ஆள் வைத்துப் பருத்தி எடுப்போரும், "சொன்னால் கேட்பதில்லை, சுவாமி" என்று குறைப்படுவதுண்டு. அடியேன் கதையும் அதுவே. வெளியூர்க் கோயில் ஒன்றில் கைங்கர்யம் ஏற்ற முதலாண்டு, புறப்பாடு தாமதமாகிறதென்று ஸ்ரீபாதம்தாங்கிகளைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். நடை மேலும் தளர்ந்தது. மறுநாள் அவர்களுள் மூத்தவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தேன். எந்த வாசலில் எத்தனை நேரம் நிற்பது, எந்த மண்டகப்படிக்கு என்ன மரியாதை என்பதெல்லாம் அவர் மனக்கணக்கில் இருந்தது. நேற்று வந்த அடியேனுக்கு அதில் ஒன்றும் தெரியாது. எங்கே சுருக்கலாம் என்று அவரையே கேட்டேன். சற்று யோசித்து இரண்டு இடங்களைச் சொன்னார். அன்றிரவு பெருமாள் குறித்த நேரத்தில் ஆஸ்தானம் எழுந்தருளினார்.