குளம்பில் உடையும் முட்டை யார் கணக்கில்?

குற்றாலத்து அருவிகளுக்கு வரும் கூட்டம் தென்காசிக்குக் கிழக்கே அதிகம் திரும்பிப் பார்ப்பதில்லை. மலையில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை அங்கே சரியாக எட்டாது. சுரண்டை, ஆலங்குளம் பக்கமெல்லாம் சரளையும் தரிசும் முட்புதரும்தான். இந்த வெட்டவெளியில் மஞ்சள் மூக்கு ஆட்காட்டி கோடையில் முட்டையிடும். கூடு என்று ஒன்றும் இல்லை. தரையில் சிறு பள்ளம், அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள். பக்கிக்கு அந்தப் பள்ளம்கூட வேண்டாம். கவுதாரி புதரடியில் ஒதுங்கும். மண்ணின் நிறமே முட்டைக்குக் காவல். அது காக்கையின் கண்ணை ஏமாற்றும். ஆட்டின் குளம்பை ஏமாற்றாது. குளம்பு எதையும் தேடி வருவதில்லையே.

பிசான நெல் அறுவடை முடிந்த வயல்களில், ஆடு மேய்க்கும் கீதாரிகள் இரவில் கிடை போடுவதும் அந்த மாதங்களில்தான். பகலில் மந்தை தரிசிலும் புதர்க்காட்டிலும் மேயும். அது கடந்த தடத்தில் ஒரு முட்டை நொறுங்கினால், பாவமா?

கேள்வி பழையது. பாலி மொழிப் பௌத்த நூலான உபாலி சுத்தத்தில் சமணத் தரப்பு உடலின் செயலையே பெருங்குற்றம் என்கிறது. புத்தர் மனத்தின் எண்ணமே கனமானது என்கிறார். புத்தர் கணக்குப்படி கீதாரி தப்பிவிடுவார். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கழுகுமலையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்க வைத்தவர்கள் அவரை அப்படி விட்டிருக்க மாட்டார்கள். அறியாமல் மிதித்தாலும் மிதித்ததுதான். ஆனால் சமணத் துறவிகள் அதை நினைத்துப் புலம்பவில்லை. மயிற்பீலியால் இடத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். மழைக்கால நான்கு மாதம் ஊர் ஊராகப் போவதை நிறுத்தினார்கள். குற்றாலக் குறவஞ்சியின் சிங்கன் வழக்கு எளிது: பறவை பிடிக்கவே வந்தவன் அவன். இரு தரப்பிலும் அவனுக்கு மன்னிப்பில்லை. குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் மட்டும் அவனை ரசித்தார்.

தீ இன்னும் சிக்கலானது. மேய்ச்சலுக்கு இளம்புல் துளிர்க்கட்டும் என்று காய்ந்த புல்லுக்கு வைக்கும் நெருப்பில் நோக்கம் உண்டு; குஞ்சைக் குறித்த நோக்கம் இல்லை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ரோ 1979-இல், மின்னல் மூட்டிய காட்டுத்தீயில் யாருக்கும் தெரியாமல் வெந்து சாகும் ஒரு மான்குட்டியைக் காட்டி, எல்லாம் வல்ல, கருணையுள்ள கடவுள் இதை ஏன் அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார். பௌத்தக் கதையான வட்டக ஜாதகத்திலோ பறக்க முடியாத காடைக்குஞ்சு சத்தியத்தின் பேரில் வேண்ட, தீ பின்வாங்குகிறது. இந்தியக் காட்டுத்தீயில் பெரும்பகுதி மனிதர் மூட்டியது. எனவே ரோவின் கேள்வி குற்றால மலையடிவாரத்தில் கடவுளை எட்டுவதற்கு முன்பே, தீப்பெட்டி வைத்திருப்பவரிடம் நின்றுவிடுகிறது.

மேய்ச்சலையே தடுத்துவிட்டால்? 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலைத் தடைசெய்து, சில நாட்களிலேயே அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்று சுருக்கியது. புதர்க்காட்டுக்கு முழுத் தடை நல்லதென்று சொல்லிவிட முடியாது. ஆட்காட்டிக்குப் புல் கட்டையாக இருக்க வேண்டும். கால் படாத தரிசைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டால் அதற்கு இடமில்லை. சீமைக்கருவேல நெற்றைத் தின்று விதையைப் பரப்புவதும் அதே மந்தைதான் என்பது வேறு கதை.

சமணர் வழியில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மார்ச் முதல் மே வரை சரளை மேட்டை விட்டு, பகலிலும் அறுத்த வயல்களிலேயே தாளை மேயவிடலாம். அதற்கு வயல்காரர் சம்மதம் வேண்டும். நெல்லுக்குப் பின் உளுந்து விதைத்துவிட்டால் அவர் மந்தையை வரப்பைத் தாண்ட விடமாட்டார். ஆடுகள் மறுபடி மேட்டுக்குத்தான் போக வேண்டும்.